கஞ்சி போடாத வெள்ளை

கொறற்றியக்காவிடம் பிளவுஸ் தைக்கக் கொடுத்துவிட்டு, "கொஞ்சம் தொளதொளவெண்டு விடுங்கோ அக்கா" என்று கேட்டவர்கள் பாரிஸின் லா சப்பலில் உண்டு. இரண்டாவது தடவை கேட்டவர்கள் இல்லை. "தொளதொளவெண்டு வேணுமெண்டா எதிர்க்கடையில அரிசிச் சாக்குக் கிடக்கு, எடுத்துக்கொண்டு வாரும், ரண்டு கை வெட்டித் தாறன்" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு, அளவு நாடாவைக் கழுத்தில் போட்டபடி உள்ளே போய்விடுவாள். கோபம் எப்போதும் மூக்கு நுனியில்தான். ஆனால் சொன்ன நாளில் பிளவுஸ் வரும், போட்டால் உடம்போடு ஒட்டி நிற்கும். அதனால் பேச்சையும் வாங்கிக்கொண்டு சனம் திரும்பத் திரும்ப அவளிடமே போகிறது.

முழுப் பெயர் மரியகொறற்றி. ஊர் யாழ்ப்பாணத்துக் குருநகர். ஐம்பதைத் தொட இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. கடை என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். சேலைக்கடை ஒன்றின் பின்னறை, இரண்டு மெஷின், ஒரு ஜன்னல், கீழே துணி அடுக்க ஒரு நிலவறை, அவ்வளவுதான். புறநகரான கார்ஜ் லே கொனெஸிலிருந்து காலை ரயிலில் வந்து பின்னேர ரயிலில் போவாள். இடது காலைக் கொஞ்சம் இழுத்து நடப்பாள். கேட்டால் "வாதம்" என்பாள். அதற்கு மேல் கேட்க ஒருவருக்கும் துணிவு வந்ததில்லை. புருஷன் அம்புறோஸ் ஓர் உணவகத்தில் சமையல். வீட்டில் அதிகம் பேசாத மனிதர். பேசுவதற்கு இடம் கிடைத்ததில்லை என்றும் சொல்லலாம். மகள் பேர்ளிக்கு இருபத்துநான்கு வயது, காப்புறுதிக் கந்தோர் ஒன்றில் வேலை. தாய் தமிழில் ஏச, மகள் பிரெஞ்சில் பதில் சொல்லுவாள். இத்தனை வருடத்தில் ஒரு சண்டையாவது மொழி விளங்காமல் பாதியில் நின்றதில்லை.

வெள்ளைத் துணி என்றால் கொறற்றிக்குத் தனி மரியாதை. தமிழ்ப் பூசை நடக்கும் கத்தோலிக்கக் கோயிலின் பீடத்துணியும், பூசைக்கு உதவும் பிள்ளைகளின் வெள்ளை அங்கிகளும் பதினைந்து வருடமாக அவள் பொறுப்பு. கடையில் விற்கிற பவுடர், ஸ்பிறே ஒன்றும் அவளுக்குச் சரிவராது. சோறு வடித்த கஞ்சியை மெல்லிய துணியால் வடிகட்டி, வெள்ளையை அதில் முக்கி, பிழிந்து, காயவிட்டு, நீர் தெளித்து அயன் பண்ணுவாள். அவள் அயன் பண்ணின அங்கியை நிலத்தில் வைத்தால் உள்ளே பிள்ளை இல்லாமலே நிற்கும். கசங்கின துணியைக் கையில் கொடுப்பது, சாப்பிட வந்தவனுக்குக் கழுவாத கோப்பையில் சோறு போடுகிற மாதிரி என்பாள். அவள் கையிலிருந்து ஒரு வெள்ளையும் கஞ்சி குடிக்காமல் வெளியே போனதில்லை. இந்தக் கதையில் வந்த வினையும் அதுதான்.

போன கார்த்திகைக் கடைசியில், நத்தார் பண்டிகைக்கு நாலு கிழமை இருக்க, ஹலினா அந்தப் பின்னறைக்கு வந்தாள். கார்ஜில் கொறற்றி குடியிருக்கும் வீட்டுக்குக் கீழ்மாடிக்காரி. உக்ரேன்காரி. பாரிஸில் ஒரு ஹோட்டலில் அறை துப்புரவாக்கும் வேலை. இரண்டு பேரும் ரயிலில் பக்கத்தில் பக்கத்தில் இருந்து பழக்கம். நடுவில் ஓடுவது உடைந்த பிரெஞ்சு. கொறற்றி பேசுகிற பிரெஞ்சிலும் குருநகர் வாடை அடிக்கும்.

அன்றைக்கு அவள் கையில் இரண்டு பெரிய பை. உள்ளே ஹோட்டலில் கழித்துவிட்ட வெள்ளைப் படுக்கை விரிப்புகள்.

"மதாம் கொறற்றி, ஒரு உதவி. என் மகன் அந்திரி போர்முனையில் நிற்கிறான். அங்கே பனி விழுந்துவிட்டது. உடுப்புக்கு மேலே போட வெள்ளை உடுப்பு இல்லை. அவனோடு சேர்த்து இருபத்துமூன்று பேர். நீங்கள் தைத்துத் தருவீர்களா?"

கொறற்றி மெஷினை நிற்பாட்டவில்லை. "பட்டாளத்துக்கு நான் தைக்கிறேல்லை. எந்தப் பட்டாளமெண்டாலும். நான் பார்த்த யூனிபோம் எனக்குக் காணும்."

ஹலினா சண்டைக்கு வரவில்லை, கெஞ்சவும் இல்லை. தொலைபேசியை எடுத்து ஒரு படத்தை மெஷினுக்கு மேலே வைத்தாள். படம் முழுக்கப் பனி. நடுவில் கடும்பச்சை ஜக்கெற்றோடு மீசை அரும்பின ஒருவன், கையைக் காட்டிச் சிரித்துக்கொண்டு நிற்கிறான். அரை மைலுக்கு அப்பால் இருந்து பார்த்தாலும் அவன்தான் கண்ணில் படுவான்.

கொறற்றியின் கால் மெஷின் மிதியிலிருந்து தானாக விலகியது. "என்ன இவன், பாற்சோத்துக்குள்ள விழுந்த மிளகு மாதிரி நிக்கிறான்" என்றாள். அதைத் தமிழில் சொன்னபடியால் ஹலினாவுக்கு விளங்கவில்லை. கொறற்றி படத்தை இன்னொரு தரம் பார்த்தாள். பிறகு பையைக் காலால் மேசைக்குக் கீழே தள்ளினாள். "அளவைச் சொல்லு."

அளவுதான் முதல் சண்டை. தடித்த ஜக்கெற்றுக்கு மேலே, குண்டு துளைக்காத அங்கிக்கும் மேலே போட வேண்டும். தலைக்கவசத்துக்கு மேலே தொப்பி வர வேண்டும். கையுறையைக் கழற்றாமல் கட்டி அவிழ்க்க வேண்டும் என்றபடியால் பொத்தான் கூடாது, நாடாதான். கொறற்றி வெட்டின முதல் உடுப்பை ஹலினா தன் குளிர் கோட்டுக்கு மேலே போட்டுப் பார்த்து, இன்னும் பெரிதாக வேண்டும் என்றாள். இரண்டாவதையும் அப்படியே சொன்னாள். மூன்றாவதில் கொறற்றிக்குப் பொறுமை போய்விட்டது.

"உது உடுப்பில்லை, கூடாரம். என்ர பேர் போடாதை, ஆரும் கேட்டா வேற ஆரோ தைச்சதெண்டு சொல்லு."

சொன்னாளே தவிர, விட்டுவிடவில்லை. பகலில் பிளவுஸ், பின்னேரம் பட்டாளம் என்று பதினாறு நாள் தைத்தாள். மார்கழி என்றால் லா சப்பலில் விருந்தும் திருநாளும் நெருக்கும் காலம். "அக்கா, என்ர பிளவுஸ்?" என்று வந்து நின்றவர்களிடம் "உமக்குக் குளிருதோ? அவைக்குக் குளிருது" என்று சொல்லித் திருப்பி அனுப்பினாள். யார் அந்த 'அவை' என்று ஒருவருக்கும் விளங்கவில்லை. உக்ரேனுக்குச் சாமான் ஏற்றிப்போகும் வான் ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு மணிக்குப் புறப்படுகிறது என்று ஹலினா சொல்லியிருந்தாள். அடுத்த வான் புது வருடத்துக்குப் பிறகுதான். வெள்ளிக்கிழமை பின்னேரம் இருபத்துமூன்றாவது உடுப்பின் கடைசி நாடாவைத் தைத்து நூலைப் பல்லால் கடித்தாள்.

தைத்து முடிந்தால் கொடுத்துவிட வேண்டியதுதானே? மற்றவர்கள் கொடுத்திருப்பார்கள். கொறற்றியால் முடியுமா? யாரோ பெற்ற பிள்ளைகள், சாவுக்குப் பக்கத்தில் நிற்கிறவர்கள், அவர்களுக்குப் போகிற வெள்ளையைப் பீடத்துணியைவிடக் குறைவாகச் செய்ய அவளுக்கு மனம் வரவில்லை. சனிக்கிழமை விடிந்ததும் வீட்டில் மூன்று பானை சோறு வடித்தாள். அம்புறோஸ் அரிசியை அளந்து கொடுத்தார். இருபத்துமூன்று உடுப்பும் கஞ்சி குடித்தன. வீட்டு ஹீற்றர் எல்லாவற்றிலும், கதவு நிலைகளிலும், கதிரைகளிலும் வெள்ளை தொங்கியது. பின்னேரம் மூன்று மணிக்கு எல்லாவற்றையும் அயன் பண்ணி, விளிம்போடு விளிம்பு சேர்த்து மடித்து, கார்ட்போட் பெட்டிகளில் அடுக்கினாள். அந்த அடுக்கைப் பார்த்து அவளுக்கே நெஞ்சு நிறைந்தது.

"பிள்ளை, ஒண்டைப் போட்டுக்காட்டு. ஒரு படம் எடுப்பம்."

பேர்ளி தன் குளிர் ஜக்கெற்றுக்கு மேலே ஒன்றைப் போட்டாள். தொப்பியை இழுத்துவிட்டாள். கூடத்தின் அந்தப் பக்கம் போய்ப் பட்டாளத்துக்காரன் மாதிரி முழங்காலை மடக்கி நடந்து வந்தாள். சரக், சரக், சரக். பேர்ளிக்குச் சிரிப்பு வந்தது.

"சிப்ஸ் பக்கெற்றுக்குள்ள இருக்கிற மாதிரி இருக்கு அம்மா" என்றாள் பிரெஞ்சில்.

கொறற்றி சிரிக்கவில்லை. "திரும்ப நட" என்றாள்.

சரக், சரக், சரக்.

"நில். ஆடாதை. கையை மட்டும் தூக்கு."

சரக்.

கொறற்றி பக்கத்தில் இருந்த கதிரையில் இருந்துவிட்டாள். அதில் தொங்கிய பீடத்துணி நசுங்கியது. அதைக்கூட அவள் கவனிக்கவில்லை. முகம் வெளிறிப்போனதைப் பார்த்து பேர்ளி பயந்து போனாள். "அம்மா, என்ன செய்யுது?" என்று அவள் தமிழில் கேட்டாள். அப்படி அவள் தமிழில் கேட்பது எப்போதாவதுதான்.

கொறற்றி குனிந்து இடது கால் சப்பாத்தையும் சொக்ஸையும் கழற்றினாள். கடைசி இரண்டு விரல் இருக்க வேண்டிய இடத்தில் பளபளவென்று தோல் மட்டும் இருந்தது. பேர்ளி அதைச் சின்னதில் பார்த்திருக்கிறாள். மீன் வெட்டுகிற கத்தி விழுந்தது என்றுதான் அப்போது சொல்லப்பட்டது.

"கத்தி இல்லை பிள்ளை. கேள்."

இருபது வயதில் அவள் பிரான்சுக்கு வந்த வழியில் களவாய் ஆள் அனுப்புகிற இரண்டு ஏஜென்சிக்காரர், மூன்று லொறி, ஒரு மலை. மொஸ்கோவில் பதினான்கு பேரை ஒன்றாக்கி உக்ரேனின் மேற்கு எல்லை வரை கொண்டுவந்தார்கள். தை மாதம். சந்தையில் வாங்கின மலிவு நைலோன் ஜக்கெற் எல்லோருக்கும் ஒன்று. சப்பாத்துக்குள் ஈரம் ஊறாமல் சொக்ஸுக்கு மேலே பிளாஸ்ரிக் பை சுற்றிக் கட்டியிருந்தார்கள். எல்லைக்குக் கிட்ட வந்ததும் வழிகாட்டி நின்றான். தன் காதைத் தொட்டுக் காட்டினான். அவர்கள் நடந்த நடையில் நைலோனும் பிளாஸ்ரிக்கும் சரசரவென்று காட்டையே எழுப்பிக்கொண்டிருந்தன. கழற்று என்று கையால் காட்டினான். கழற்றினார்கள். கடைசியில் வந்த கொழும்புத்துறைக்காரர் ஒருவர் மட்டும் ஜக்கெற்றைக் கழற்றிவிட்டு, காலில் கட்டின பையை விட்டுவிட்டார். குளிர் தாங்கமாட்டேன் என்று நினைத்திருப்பார். பாவம். எல்லைக் காவல்காரரின் வெளிச்சம் தேடித் திரியவில்லை, நேரே அவர் மேலேதான் விழுந்தது. மற்றவர்கள் பனிக்குள் முகத்தைப் புதைத்துக் கிடந்தார்கள். அவருக்கு என்ன நடந்தது என்று இன்றுவரை தெரியாது. பெயர்கூடத் தெரியாது. கொறற்றி குளிருக்கு இரண்டு விரலைக் கொடுத்து அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தாள்.

"குளிர் ஆளை மெல்ல மெல்லத்தான் கொல்லும். சத்தம் உடனே கொல்லும்" என்றாள் கொறற்றி. "எனக்குத் தெரிஞ்ச விஷயம். நானே அதை மறந்துபோனன். பெருமை, வேற என்ன. இருபத்துமூண்டு பிள்ளையளுக்கும் நானே மணி கட்டி அனுப்பப் பார்த்தனே."

சொல்லி முடிக்க முன்னம் கதவு தட்டுப்பட்டது. ஹலினா. பெட்டிகளைப் பார்த்ததும் அவள் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு வடிவான உடுப்பை யாரும் போர்முனைக்கு அனுப்பியிருக்கமாட்டார்கள் என்று சொல்லி, ஒரு பெட்டியைத் தூக்கப் போனாள். கொறற்றி ஒற்றைக்கால் சப்பாத்தோடு வந்து பெட்டியின் மேலே கையை வைத்தாள்.

"இது போகாது."

"மதாம் கொறற்றி, நாளைக்கு வான்."

"தெரியும். இப்பிடிப் போகாது எண்டு சொல்லுறன். பேர்ளி, நடந்து காட்டு."

பேர்ளி நடந்தாள். அந்தச் சரசரப்பை ஹலினாவும் கேட்டாள். கேட்டபிறகும், பரவாயில்லை, கொடுங்கள், ஒன்றும் இல்லாததைவிட இது நல்லது, அவர்கள் அங்கே பனியில் பிசைந்து மெதுவாக்கிக்கொள்வார்கள் என்றாள். மூன்று கிழமை காத்திருக்க முடியாது என்றாள். பாவம், மகனுடைய பச்சை ஜக்கெற்றுத்தான் அவள் கண்ணில் நின்றிருக்கும்.

"காத்திருக்கச் சொல்லேல்லை. நாளைக்கு ஒரு மணிக்குத் தாறன். சத்தமில்லாமல் தாறன். ஒண்டு சத்தம் போட்டாலும் அதை நான் குடுக்கமாட்டன்." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "பிழை என்ர. நான் சரிப்பண்ணுறன். நீ போய்ப் படு."

ஞாயிறு காலை ஏழு மணிக்கு, கடைக்குப் பக்கத்தில் இருக்கும் காசு போட்டுத் தோய்க்கிற லாவறி திறந்தபோது, முதல் ஆளாக வாசலில் நின்றவள் கொறற்றி. பீடத்துணியை அம்புறோஸ் கையில் கொடுத்துக் கோயிலுக்கு அனுப்பியிருந்தாள். பதினைந்து வருடத்தில் அவள் விட்ட முதல் ஞாயிறு பூசை அதுதான். எட்டு மெஷினில் ஆறைப் பிடித்துக்கொண்டாள். தூள் போடவில்லை, வெறும் சுடுதண்ணீர். முதல் தண்ணீர் பால் மாதிரி வந்தது. இரண்டாவது கலங்கலாய். துணியை எடுத்து விரலால் தேய்த்துப் பார்த்தாள், இன்னும் வழுவழுப்பு இருந்தது. திரும்பப் போட்டாள். உடுப்புப் பையோடு வந்து காத்து நின்ற மனிதர் ஒருவர், மதாம், நீங்கள் மட்டுமா இங்கே தோய்க்கிறது என்று முணுமுணுத்தார். கொறற்றி வாயைத் திறக்க முதல் பேர்ளி ஓடிப்போய் அவருக்கு விஷயத்தைச் சொன்னாள். அவர் இருந்து, தன் பையை மடியில் வைத்துக்கொண்டு, "முடியட்டும்" என்றார். பிறகு உலர்த்தும் மெஷினிலிருந்து உடுப்பெடுக்க அவரும் கை கொடுத்தார்.

பதினொன்றரைக்கு எல்லாம் காய்ந்துவிட்டன. கஞ்சி போய்விட்டதா என்று கைக்குத் தெரிந்தது. ஆனால் கையை நம்பிப் பெருமைப்பட்டுத்தானே இவ்வளவும் நடந்தது? காதுக்குத் தெரிய வேண்டும். லா சப்பல் தெருவில் எதைக் கேட்கிறது? மேலே மெத்ரோ, கீழே சனம். பேர்ளியைக் கூட்டிக்கொண்டு கடை நிலவறைக்கு இறங்கினாள். அங்கே துணி அடுக்கின சுவர்களுக்கு நடுவில் ஒரு சத்தமும் வராது.

"நான் சுவரைப் பார்த்து நிக்கிறன். நீ அந்தத் தொங்கலில இருந்து வா. கேட்டா நான் கையைத் தூக்குவன்."

கொறற்றி கண்ணை மூடிக்கொண்டாள். ஒன்றும் கேட்கவில்லை. இன்னும் ஒன்றும் கேட்கவில்லை. மகள் விளையாடுகிறாள் என்று நினைத்து அவளுக்கு எரிச்சல் வந்தது. "ஏன் பிள்ளை, நேரம் போகுது. எப்ப நடக்கப்போறாய்?"

"வந்திட்டன் அம்மா." குரல் காதுக்குப் பக்கத்தில் கேட்டது.

கொறற்றி சுவரில் நெற்றியை வைத்தாள். பிறகு, "மற்றதைப் போடு. இருபத்துமூண்டும் பார்க்கவேணும்" என்றாள். இருபத்துமூன்றையும் பார்த்தார்கள். ஒன்றில் மட்டும் தொப்பி விளிம்பு இன்னும் மொரமொரத்தது. அதைக் கைத்தொட்டியில் திரும்ப அலசி, தலைமயிர் காயவைக்கிற மெஷினால் காயவைத்தார்கள்.

அயன் பண்ண நேரமில்லை. ஒன்று அடிக்கப் பத்து நிமிடம் இருக்கையில், உருட்டித் திணித்த பெட்டிகளை அம்புறோஸ் தோளில் சுமந்துபோய் வானில் ஏற்றினார். சாரதி ஒரு பெட்டிக்குள் எட்டிப் பார்த்தான். எல்லாம் சுருக்கம் சுருக்கமாய், நேற்றுத் தூங்கி எழும்பின படுக்கை மாதிரிக் கிடந்தது. கொறற்றிக்கு வெட்கத்தில் முகம் சுருங்கியது. இப்படி ஒரு துணியை அவள் வாழ்நாளில் யாருக்கும் கொடுத்ததில்லை. "மன்னிச்சுக்கொள்ளுங்கோ, அயன் பண்ணேல்லை" என்று சாரதியிடம் சொன்னாள். அவன் விளங்காமல் ஹலினாவைப் பார்த்தான். ஹலினா கொறற்றியைக் கட்டிப்பிடித்தாள். வான் போய்விட்டது.

அதன் பிறகு ஒரு செய்தியும் இல்லை. நத்தார் வந்தது, போனது. புது வருடமும் வந்தது. ரயிலில் ஹலினா பக்கத்தில் வந்து இருப்பாள், கொறற்றி கேட்கமாட்டாள். கேட்டு, பதில் பிழையாக வந்தால்? கோயிலில் பீடத்துணி வழக்கம்போல விறைப்பாய் நின்றது. அதைப் பார்க்கும்போதெல்லாம் அவள் கண்ணைத் திருப்பிக்கொண்டாள். பிளவுஸ் தைக்கக் கொடுத்தவர்களுக்கு ஏச்சுக் குறைந்தது. அக்காவுக்குச் சுகமில்லையோ என்று சனம் கதைக்கத் தொடங்கியது.

தைப்பொங்கலுக்கு அடுத்த நாள், மத்தியானம், பேர்ளி சாப்பாட்டோடு கடைக்கு வந்திருந்த நேரம், ஹலினா வேலை உடுப்போடே மூச்சிரைக்க ஓடிவந்தாள். தொலைபேசியை நீட்டினாள். ஒரு வீடியோ.

கொறற்றி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். பனி. தூரத்தில் இரண்டு மரம். திரும்பவும் பனி.

"உதில என்ன கிடக்கு? வெறும் ஸ்னோ."

"பாருங்கள், மதாம்."

கொறற்றி சத்தத்தைக் கூட்டினாள். காற்று மட்டும் மெல்ல ஊதியது. படம் பிடிக்கிறவனின் மூச்சு கேட்டது. வேறு ஒன்றும் இல்லை. இருபது விநாடி போயிருக்கும். போன் பழுதாக்கும் என்று அவள் சொல்ல வாயெடுக்க, படத்துக்கு நேர் முன்னால், நாலடி தூரத்தில், பனியின் ஒரு துண்டு எழும்பியது. பக்கத்தில் இன்னொன்று. பிறகு இன்னும் ஐந்தாறு. முன்னால் நின்றது தொப்பியைப் பின்னுக்குத் தள்ளியது. மீசை அரும்பின முகம், மூக்கு சிவந்து, சிரித்தது. அவன் எதையோ சொன்னான்.

"என்னவாம்?" என்றாள் கொறற்றி.

"படம் எடுத்தவன் அவனுடைய தலைவனாம். பக்கத்தில் ஊர்ந்து வந்து எழும்பும்வரை தலைவனுக்கே கேட்கவில்லையாம். இருபத்துமூன்று பேரும் இருக்கிறோம் என்று தையல்கார மதாமுக்குச் சொல்லச் சொன்னான். இருபத்துமூன்று பேரும்."

கொறற்றி வீடியோவைத் திரும்பப் போட்டாள். மூன்றாம் தரம் போட்டபோது, அந்திரி எழும்பி நிற்கும் இடத்தில் விரலால் நிற்பாட்டி, கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனாள்.

"முழங்காலடியில பார், எவ்வளவு கசங்கிக் கிடக்கு" என்றாள். அவள் அழுதுகொண்டிருந்தாள். கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்தாள், திரும்பப் போட்டாள், திரும்பக் கழற்றினாள். பேர்ளி தாயின் தோளில் கையை வைத்தாள். அதைத் தட்டிவிட அன்றைக்கு அவளுக்குத் தோன்றவில்லை.

பிறகு மேசையில் கிடந்த பாதிப் பிளவுஸை ஒரு பக்கம் ஒதுக்கினாள்.

"அடுத்த வான் எப்ப?" என்றாள் ஹலினாவிடம். "விரிப்பைக் கொண்டு வா."